காணாமல் போனால் யார் தேடுவார்கள்? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில், கனடாவின் டொராண்டோவில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் வருடா வருடம் நடத்துகிற பிரைடு ஊர்வலத்தைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். நான் அங்கே இருந்த வருடங்களில் தெற்காசியக் குழு ஒன்று தமிழில் எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு வந்ததையும், அதைப் படித்துவிட்டு நடைபாதையிலேயே நான் அழுததையும் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை, எல்லாம் அதைப் பற்றிய கேள்விகள்தான்.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: அக்கா, ‘பீப்பிள் ஆஃப் கலர்’ என்று எழுதியிருந்தீர்கள். தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் எல்லாரும் ஏற்கெனவே சிறுபான்மைதானே, அதற்குள்ளும் நிறம் பார்த்துத் தனித்தனிச் சங்கம் வைத்தால் பலம் குறையாதா?

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. வெள்ளையர் அல்லாத எல்லாரையும் சேர்த்துச் சொல்கிற சொல் அது. அமெரிக்காவில் நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் ‘கலர்ட்’ என்று பலகை மாட்டி, கறுப்பின மக்களுக்குத் தனிக் குழாய், தனி வாசல் வைத்தார்கள். ‘பீப்பிள் ஆஃப் கலர்’ அந்தச் சொல்லின் தொடர்ச்சி இல்லை. 1977 நவம்பரில் ஹூஸ்டன் நகரத்தில் தேசியப் பெண்கள் மாநாடு நடந்தது. கறுப்பினப் பெண்கள் தங்கள் கோரிக்கைகளைத் தனி அறிக்கையாக எடுத்துக்கொண்டு வர, லத்தீன், ஆசிய, பூர்வகுடிப் பெண்களும் நாங்களும் இதில் சேர்கிறோம் என்றார்கள், எல்லாரையும் சேர்த்து என்ன பெயர் சொல்வது என்று பேசி ‘விமன் ஆஃப் கலர்’ என்பதை எடுத்துக்கொண்டார்கள். தோலின் நிறத்தைச் சொல்லவா அந்தப் பெயர்? சேர்ந்து வேலை செய்வோம் என்ற ஒப்பந்தத்தின் பெயர் அது. நம்மிடையே ‘தலித்’ என்ற சொல் அரசாங்கம் கொடுத்ததாக இல்லாமல் மக்கள் தாங்களே எடுத்துக்கொண்டதாக இருக்கிறது இல்லையா, கிட்டத்தட்ட அப்படி.

இப்போது பலம். 1991-ல் நியூயார்க்கில் ஒன்று நடந்தது. லாம்ப்டா லீகல் என்பது தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக நீதிமன்றங்களில் வழக்காடுகிற பெரிய அமைப்பு, நல்ல வேலைகள் நிறையச் செய்த அமைப்பு. அவர்கள் நிதி திரட்ட ‘மிஸ் சைகான்’ என்ற இசை நாடகத்தின் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாடகம் ஆசியப் பெண்களை எப்படிக் காட்டுகிறது, ஆசியப் பாத்திரத்துக்கு வெள்ளை நடிகரை ஏன் போட்டார்கள் என்றெல்லாம் ஏற்கெனவே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். கிழக்குக் கரை ஆசிய லெஸ்பியன்கள் என்ற குழுவும் ஆசிய ஆண்களின் இன்னொரு குழுவும் போய், இது எங்களை அவமானப்படுத்துகிறது, வேறு நாடகம் பாருங்கள் என்று கேட்டன. லாம்ப்டா ரத்து செய்யவில்லை, நிகழ்ச்சி நடந்தது, வாசலில் ஆர்ப்பாட்டமும் நடந்தது.

சொந்தக் குழு இல்லாமல் லாம்ப்டாவின் உறுப்பினராக மட்டும் ஒரு ஆசியப் பெண் இருந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார். ஒரு கடிதம் எழுதியிருப்பாள், அவ்வளவுதான். தனிக் குழு இருந்ததால்தான் வாசலில் நிற்க ஆள் இருந்தது. எனக்கு அது பலமாகத்தான் தெரிகிறது.

ஒரு வாசகர், மதுரை: இந்தப் போராட்டமெல்லாம் ஸ்டோன்வால் கலவரத்தில் ஆரம்பித்தது என்று படித்திருக்கிறேன். அதில் நிறம், இனம் எங்கே வந்தது?

முதல் நாளிலேயே இருந்தது. 1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற ஸ்டோன்வால் என்ற மதுக்கடைக்குள் போலீஸ் புகுந்தபோது எதிர்த்து நின்றவர்களில் வீடில்லாத இளைஞர்கள், கறுப்பினத்தவர், லத்தீன் மக்கள் நிறைய இருந்தார்கள். அந்த நாட்களின் முகங்களாக இன்று நினைக்கப்படுகிற மார்ஷா பி. ஜான்சன் கறுப்பினத்தவர், சில்வியா ரிவேராவின் குடும்பம் போர்ட்டோ ரிக்கோவும் வெனிசுலாவும். இரண்டு பேரும் சேர்ந்து 1970-ல் ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கி, தெருவில் கிடந்த பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுத்தார்கள். மூன்றே வருடத்தில், 1973 பிரைடு கூட்டத்தில், சிறையில் இருக்கும் நம் ஆட்களை மறந்துவிட்டீர்களே என்று சில்வியா மேடையில் கேட்டபோது, அதே சமூகம் அவரைக் கூச்சல் போட்டு இறக்கப் பார்த்தது. அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. ஒருமுறை பார்த்தேன், முழுதாகப் பார்க்க முடியவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பதில் நியூயார்க்கில் இல்லை, பாஸ்டனில் இருக்கிறது. அங்கே 1974-ல் பார்பரா ஸ்மித், பெவர்லி ஸ்மித், டெமிட்டா ஃபிரேசியர் போன்ற கறுப்பினப் பெண்கள், பெரும்பாலும் லெஸ்பியன்கள், ஒரு குழுவைத் தொடங்கினார்கள். கொம்பாகி ரிவர் கலெக்டிவ் என்று பெயர் வைத்தார்கள். கொம்பாகி என்பது தென் கரோலினாவில் ஓடும் ஓர் ஆறு, 1863-ல், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஹாரியட் டப்மன் என்ற கறுப்பினப் பெண் முன்னின்று நடத்திய தாக்குதலில் 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் அங்கே விடுதலையானார்கள். இந்தக் குழு 1977-ல் எழுதிய அறிக்கையை இன்றும் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்கிறார்கள். இனம், வர்க்கம், பால், பாலீர்ப்பு எல்லா ஒடுக்குமுறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துச் சண்டை போட முடியாது என்பதுதான் அதன் சாரம். சரி, அறிக்கை எல்லாரும் எழுதலாம். 1979-ல் அவர்கள் செய்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த வருடம் ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் பாஸ்டனில் 12 கறுப்பினப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். பத்திரிகைகள் உள்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுவிட்டு நகர்ந்தன. ஏப்ரல் 1 அன்று ஒரு கண்டன ஊர்வலம் நடந்தது, பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இது இனவெறிக் கொலை என்றார்கள், பெண்களை வீட்டுக்குள் பத்திரமாக இருக்கச் சொன்னார்கள். செத்தவர்கள் எல்லாரும் பெண்கள் என்பதைப் பற்றி மேடையில் பேச்சே இல்லை. கேட்டுக்கொண்டு நின்ற பார்பரா ஸ்மித் வீட்டுக்குப் போய் ஒரு துண்டறிக்கை எழுதினார். ‘ஆறு கறுப்பினப் பெண்கள், அவர்கள் ஏன் செத்தார்கள்?’ என்பது அதன் தலைப்பு. இனம் மட்டும் காரணமில்லை, பெண்ணாக இருந்ததும் காரணம் என்று எளிமையாக எழுதி, தற்காப்புக்கு என்ன செய்யலாம், உதவிக்கு யாரிடம் போகலாம் என்பதையும் சேர்த்தார்கள். கொலைகள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் தலைப்பில் இருந்த ஆறை அடித்துவிட்டு ஏழு, எட்டு என்று மாற்ற வேண்டியிருந்தது.

கறுப்பின அமைப்புகள் அதுவரை அவர்களைப் பெண்களாகப் பார்க்கவில்லை, பெண்கள் அமைப்புகள் கறுப்பினத்தவராகப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் நின்று பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த லெஸ்பியன் பெண்கள்தான், ஏனென்றால் இரண்டு பக்கமும் அவர்களைப் பாதிதான் உள்ளே விட்டிருந்தது.

பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ: எனக்கு ஒரே மகன், வயது 22. தான் ‘கே’ என்று போன வருடம் எனக்கு மட்டும் சொன்னவன், இவருக்குத் தெரியாது. இப்ப மாதம் ஒருக்கா தெற்காசியப் பிள்ளைகள் கூடுகிற இடம் என்று டவுன்டவுனுக்குப் போய் இரவு பிந்தித்தான் வாறான். சனம் கதைக்கும் என்ற பயம் ஒரு பக்கம், அங்கே போய்ப் பழுதாகிவிடுவானோ என்ற பயம் இன்னொரு பக்கம். மறிக்கட்டுமா?

மறிக்காதீர்கள் அம்மா. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகப் படியுங்கள்.

உங்கள் நகரத்திலேயே நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். 1980-களின் கடைசியில் டொராண்டோவில் ஒரு தமிழ்த் தம்பதி எய்ட்ஸ் நோயில் இறந்துபோனார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மருத்துவமும் ஆலோசனையும் இருந்தன, ஆனால் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. தங்கள் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதையே தங்கள் மொழியில் கேட்காமல் போய்விட்டார்கள். இதைக் கேள்விப்பட்டுப் பதறியது யார் தெரியுமா? 1987-ல் தொடங்கிய குஷ் என்ற தெற்காசிய ‘கே’ ஆண்கள் குழுவும் அவர்களின் தோழர்களும். அந்தப் பதற்றத்திலிருந்து 1989-ல் உருவான அமைப்புதான் ‘அசாப்’ என்று சுருக்கமாகச் சொல்கிற தெற்காசிய எய்ட்ஸ் தடுப்பு அமைப்பு. இறந்தவர்கள் கணவன் மனைவி, ‘கே’ இல்லை. ஓடிவந்தவர்கள் உங்கள் மகன் இப்போது போகிற மாதிரியான ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். தமிழ்ச் சங்கம் ஏன் வரவில்லை, கோயில் ஏன் வரவில்லை என்று நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஆட்கள் அந்த நோயின் பெயரைச் சொல்லவே பயந்த காலம் அது.

இரண்டாவது விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2010-க்கும் 2017-க்கும் இடையில் டொராண்டோவில் ஒருவன் எட்டு ஆண்களைக் கொன்றான். கொன்றவன் பெயரும் வேண்டாம், போனவர்கள் பெயரையும் அவர்கள் குடும்பங்களை நினைத்து எழுதாமல் விடுகிறேன். எட்டில் ஆறு பேர் தெற்காசியாவிலிருந்தோ மேற்காசியாவிலிருந்தோ வந்தவர்கள், அதில் இரண்டு பேர் ஈழத்தமிழர்கள். முதலில் காணாமல் போனவர் அந்தத் தமிழர்களில் ஒருவர், 2010 செப்டம்பரில். அப்புறம் இரண்டு ஆஃப்கானியர்கள். போலீஸ் 2012-ல் தனிக்குழு போட்டு விசாரித்து, 2014-ல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூடியது. கொலைகாரனையே 2013-ல் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள், 2016-ல் வேறொரு புகாரில் பிடித்தும் விட்டிருக்கிறார்கள். 2017 ஜூனில், எல்லாரும் அறிந்த ஒரு வெள்ளைக்காரச் சமூக ஊழியர் காணாமல் போனபோது நண்பர்கள் தெருத் தெருவாகச் சுவரொட்டி ஒட்டினார்கள், அந்த விசாரணைதான் கடைசியில் கொலைகாரனிடம் கொண்டுபோய்விட்டது. அந்த நண்பர்கள் செய்தது மிக நல்ல காரியம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் 2010-லேயே அத்தனை கை சேர்ந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது தமிழரின் கதை இன்னும் கனமானது. 2010-ல் சன் சீ என்ற கப்பலில் ஈழத்தமிழ் அகதிகள் 492 பேர் கனடாவுக்கு வந்தார்களே, அதில் ஒருவர். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். அவர் காணாமல் போனதாக ஒரு புகார்கூட இல்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து எங்கோ ஒளிந்திருக்கிறார் என்று ஊரில் குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது. 2018 மார்ச்சில், இவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று இறந்த முகத்தின் படத்தைப் போலீஸ் வெளியிட்ட பிறகுதான் பெயர் தெரிந்தது.

அந்த நேரத்தில் அசாப்பின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் ஹரன் விஜயநாதன், தமிழர். போலீஸ் தன்னைத்தானே விசாரித்தால் போதாது, வெளியாள் விசாரிக்க வேண்டும் என்று உரத்துக் கேட்டவர்களில் முக்கியமானவர். 2018 பிரைடு ஊர்வலத்தை முன்னின்று நடத்தும் மரியாதையை அந்த வருடம் அவருக்குக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் விசாரித்து, 2021 ஏப்ரலில் 151 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். காணாமல் போனவர்கள் யார் என்பதைப் பொறுத்து விசாரணையின் தரம் மாறியிருக்கிறது, அமைப்புக்குள்ளேயே பாகுபாடு ஊறியிருக்கிறது என்பதை அதில் மறைக்காமல் எழுதினார்.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் மகன் போகிற இடத்தில், இரண்டு கூட்டத்துக்கு அவனைக் காணவில்லை என்றால் எங்கே என்று கேட்க ஆள் இருக்கும், அவனுடைய பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஆள். ஒளித்து வைத்த வாழ்க்கையில்தான் ஆபத்து கூடுதல். அவனிடம், வந்து சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு, சாப்பாடு எடுத்து வைக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். தகப்பனுக்கு எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும், உங்கள் வாயிலிருந்து முதலில் வர வேண்டாம். சனம் கதைப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பிள்ளையை உங்களிடம் வந்து உண்மை சொல்லும்படி வளர்த்திருக்கிறீர்கள், அந்த அருமையை எந்தச் சனமும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது.

ஒரு வாசகர், திருச்சி: 2016-ல் டொராண்டோ பிரைடு ஊர்வலத்தைக் கறுப்பின அமைப்பினர் மறித்து நிறுத்தினார்கள் என்று படித்தேன். தங்கள் சொந்த விழாவையே நிறுத்துவது முறையா?

முறைதான் என்று நினைக்கிறேன். கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையை எதிர்க்கிற பிளாக் லைவ்ஸ் மேட்டர் அமைப்பைக் கௌரவ விருந்தினராக அழைத்திருந்தார்கள். ஜூலை 3 அன்று அவர்கள் நடுவீதியில் உட்கார்ந்து கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்தார்கள், சுமார் அரைமணி நேரம் ஊர்வலம் நின்றது. ஊர்வலத்தில் போலீஸ் அணி வரக்கூடாது என்ற ஒன்றைத்தான் எல்லாச் செய்திகளும் பிடித்துக்கொண்டு ஆடின. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது, நம் ஆட்கள் பலருக்கே தெரியாது. எடுத்துவிட்ட தெற்காசிய மேடையைத் திரும்பக் கொடு என்று கேட்டிருந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் தங்களைக் கூட்டம் ஏசுவதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தது நமக்காகவும்தான். 2017 ஜனவரியில் பிரைடு அமைப்பின் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தக் கோரிக்கைகளை ஏற்றார்கள். அதற்கடுத்த வருடம், அந்தக் கொலைச் செய்திகள் வெளிவந்துகொண்டிருந்தபோது, போலீஸ் ஊர்வலத்துக்கு விண்ணப்பித்தது. அசாப் உட்படப் பல அமைப்புகள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கடிதம் எழுத, போலீஸும் விலகிக்கொண்டது. 2016-ல் அந்த அரைமணி நேரம் இல்லாமல் இருந்திருந்தால் 2018-ல் அந்தக் கடிதத்தை யாரும் மதித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாசகர், சென்னை: ‘குயர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

பால்புதுமையர். தன்பாலீர்ப்பாளர், திருநர் என்று எல்லாரையும் சேர்த்துச் சொல்கிற சொல். 2022-ல் தமிழக அரசு வெளியிட்ட சொற்பட்டியலிலும் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்கு ஒன்றால் வந்த பட்டியல் அது. பேசும்போது ‘குயர்’ என்றே சொன்னாலும் தப்பில்லை. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது ஒரு மனிதரைப் படுக்கையறையோடு முடித்துவிடுகிறது.

நண்பர்கள் சிலர், நியூ ஜெர்சி: நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் தமிழ், எல்லாரும் குயர். ஒரு குழு தொடங்கலாமா என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். பெயர், பதிவு, இணையதளம் எதிலிருந்து ஆரம்பிப்பது?

நீங்கள் கேட்ட மூன்றிலும் இல்லை. 1986-ல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் டிரிக்கோன் என்ற தெற்காசியக் குயர் குழு தொடங்கியபோது அது ஒரு செய்தி மடல், அவ்வளவுதான். தன்னைப் போல உலகத்தில் ஒருவருமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களின் கையில் அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து வளர்ந்தது. உங்கள் பக்கத்து நியூயார்க்கில் 1991-ல் சால்கா என்ற தெற்காசியக் குழு வந்தது. இந்திய தின ஊர்வலத்தில் நடக்க 1990-களில் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அமைப்பாளர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். அனுமதி கிடைக்காத வருடங்களில் வழியோரம் நின்று, நாங்களும் இந்தியர்கள்தான் என்று பதாகை பிடித்தார்கள். அவர்களில் சிலர் இன்னும் உங்கள் ஊரில்தான் இருப்பார்கள், முதல் மாதமே போய்ப் பாருங்கள், தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பெரிய அமைப்புகளுக்குள் போய் வேலை செய்யவும் தயங்க வேண்டாம். டெல்லியில் பிறந்து எட்டு வயதில் அமெரிக்கா போன ஊர்வசி வைத், 1989-லிருந்து 1992 வரை அந்த நாட்டின் தேசிய அளவிலான ‘கே’, லெஸ்பியன் அமைப்பு ஒன்றின் நிர்வாக இயக்குநராக இருந்தார். 1990-ல் ஜனாதிபதி புஷ் எய்ட்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு மலிவு, எய்ட்ஸுக்கான நிதி மலிவில்லை என்று எழுதிய அட்டையைச் சபை நடுவில் தூக்கிப் பிடித்தவர் அவர்தான். 2022-ல் இறந்துபோனார். உள்ளே இருந்தபடியே அட்டை பிடிக்கவும் ஆள் வேண்டும்.

சரி, முதல் கூட்டம். யாருடைய வீட்டிலாவது வையுங்கள், மதுக்கடையில் வேண்டாம். குடிக்காதவர்கள் அங்கே வரத் தயங்குவார்கள், 21 வயது ஆகாதவர்களால் வர முடியாமல் போகலாம். படம் எடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரே ஒரு படம் ஊரில் இருக்கும் அண்ணன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். விசாவில் இருப்பவர், வழக்கில் இருப்பவர், வீட்டில் சொல்லாதவர் யாரையும் எதையும் கேட்டுத் துளைக்க வேண்டாம். ஒன்பது பேரில் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலையா, அப்படியானால் உணவகத்திலும் பெட்ரோல் பங்கிலும் வேலை செய்கிற தமிழர்கள் வர முடிகிற நாளும் நேரமும் எது என்று விசாரியுங்கள், சனிக்கிழமை மாலை அவர்களுக்கு ஓய்வு இருக்காது. ஈழத்தமிழர், மலேசியத் தமிழர் வந்தால் அவர்கள் பேசும் தமிழைத் திருத்தாதீர்கள். சாதி பற்றிய பேச்சு வந்தால் இங்கே எதற்கு அது என்று மூடாதீர்கள், யாருக்குச் சொல்ல இருக்கிறதோ அவர்கள் சொல்லி முடிக்கட்டும்.

பெயரையும் பதிவையும் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் யாருக்காவது கொடுங்கள். யாராவது இரண்டு கூட்டத்துக்குச் சொல்லாமல் வராவிட்டால் போன் போட்டுக் கேட்கிற வேலை. டொராண்டோவில் நான் இருந்த சின்னக் குழுவில் அந்த வேலை என்னுடையதாக இருந்தது, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நான் போன் போட்ட முக்கால்வாசிப் பேர், ஒன்றுமில்லை அக்கா, நைட் ஷிஃப்ட் என்றுதான் சொன்னார்கள்.